நான் வெட்டி எறிந்த பதினோரு நிமிடம்

மருத்துவப் பேராசிரியர்களை வெட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. மூன்று மணி நேரம் பேசிய ஒருவரை ஏழேழு நிமிடத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தலைப்பும் முடிவில் சில கேள்விகளும் வைத்து இணையத்தில் ஏற்றிவிடுவேன். வெட்டுப்பட்ட பேராசிரியர்கள் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள். பலருக்குத் தாம் வெட்டுப்பட்டதே தெரியாது, ஏனென்றால் தம்முடைய வீடியோவை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆனால் என் வெட்டு ஒன்று கும்மிடிப்பூண்டியில் ஒரு மனிதரை மேலே அனுப்பப் பார்த்தது.

ஆடியோ விஷுவல் பிரிவில் இப்போது வேலை செய்பவர்கள், "சார், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, புதுசா வர்றவங்களுக்குக் குடுக்கணும்" என்று கேட்டார்கள். நான் வாங்கிய கேடயங்களைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். கேடயம் மொத்தம் ஒன்றுதான். அதிலும் 'தணிகாசலம்' என்ற என் பெயரில் ஒரு கால் குறைந்து 'தணிகசலம்' என்றிருக்கிறது. ஆகவே அந்த வெட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திருவள்ளூர். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்தேன். கொஞ்ச காலம் கல்யாண வீடியோ எடுத்தேன். ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி முளைத்தபோது, ஸ்லைடு புரொஜெக்டர் ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்தேன். ஸ்லைடு போய் ஓ.எச்.பி. வந்தது, அது போய் எல்.சி.டி. வந்தது. எது வந்தாலும் என் கடமை இரண்டு: விளக்கை அணைப்பது, படம் தலைகீழாக வந்தால் திட்டு வாங்குவது. அணைத்த பிறகு பின்னால் நின்று மாணவர்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த நிமிடத்தில் பின்வரிசை சாயும், எந்த நிமிடத்தில் முன்வரிசை சாயும் என்பது எனக்கு அத்துப்படி. பிற்பாடு எனக்குச் சோறு போட்ட படிப்பு இதுதான், ஐ.டி.ஐ. இல்லை.

ஊரடங்கு வந்ததும் பேராசிரியர்கள் வீட்டிலிருந்தே செல்போனைப் பார்த்துப் பாடம் நடத்தினார்கள். கல்லீரல் பாடத்தின் நடுவே குக்கர் மூன்று விசில் அடிக்கும். மாணவர்கள் கேமராவை அணைத்துவிட்டு எங்கேயோ போய்விடுவார்கள். கல்லூரி யோசித்து, நீண்ட பாடங்களைச் சின்னச் சின்ன மாட்யூல்களாக மாற்ற ஒரு பிரிவு தொடங்கியது. அதற்குத் தலைவராக டாக்டர் ஜமீலாவைப் போட்டார்கள். வெட்ட ஆள் வேண்டுமே, என்னைப் போட்டார்கள்.

நான் செய்த முதல் மாட்யூல் மாரடைப்பு. எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண வீடியோ. ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடமெல்லாம் சிவப்பு இதயங்கள் பறந்து வர, பின்னணியில் நாதஸ்வரம் மாதிரி ஏதோ ஒன்று வைத்திருந்தேன். இதயப் பாடம்தானே, பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். டாக்டர் ஜமீலா கடைசி வரை பார்த்தார். பிறகு கேட்டார்:

"தணிகாசலம், இது மாரடைப்பா, மறுவீட்டு விருந்தா?"

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பழவேற்காட்டில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். சமூக மருத்துவத்தில் பேராசிரியர். கோபம் வந்தால் குரல் உயராது, ஊர்ப் பேச்சு வந்துவிடும். "இன்னாங்க இது" என்று அவர் மெதுவாகச் சொன்னால், போட்டது அத்தனையும் கலைத்துப் போடவேண்டும் என்று அர்த்தம்.

ஒரு பாடத்தை அவர் மூன்று முறை பார்ப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். முதல் முறை ஒலி இல்லாமல். "சத்தத்த எடுத்துட்டு பாருங்க, அந்த ஆளு சொல்றத அந்த ஆளே நம்பறாரான்னு தெரிஞ்சிடும்" என்பார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும். மூன்றாம் முறைதான் பென்சிலும் தாளும். தாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று நான் கோடு போட்டு வைத்திருப்பேன். அவர் கவனம் எங்கெல்லாம் நழுவுகிறதோ அங்கெல்லாம் ஒரு புள்ளி வைப்பார். சாயங்காலம் என்ன குழம்பு என்ற யோசனை வந்தால் ஒரு புள்ளி. பேராசிரியரின் சட்டைப் பையில் எத்தனை பேனா என்று எண்ண ஆரம்பித்தால் ஒரு புள்ளி. ஒரு கட்டத்தில் மூன்று புள்ளி விழுந்தால் அந்த ஐந்து நிமிடம் எனக்குச் சொந்தம், வெட்டிவிடலாம். மிச்சம் இருப்பதைத்தான் துண்டு போடுவோம். ஒரு துண்டுக்கு ஒரே விஷயம். முதல் அரை நிமிடத்துக்குள் நோயாளி என்று ஒருவர் உள்ளே வந்துவிடவேண்டும். நடுவில் ஒரு கேள்வி கேட்டுப் படத்தை நிறுத்திவைக்கவேண்டும், பதில் தட்டினால்தான் மேலே ஓடும்.

அதற்கப்புறம் நான் தனியாக உட்கார்ந்து இருமல், செருமல், மௌனம் எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பேன். பொது மருத்துவத் துறைப் பேராசிரியர் டாக்டர் பூவராகனுக்கு மட்டும் 'அதாவது வந்து' என்று ஒரு தனி வியாதி. ஒரு பாடத்தில் அவர் சொன்ன 'அதாவது வந்து'களை எல்லாம் சேர்த்து ஒட்டிப் பார்த்தேன், நான்கு நிமிடம் ஓடியது. அறைக் கதவைச் சாத்திவிட்டு டாக்டர் ஜமீலாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துடைத்துக்கொண்டு, "அழிச்சிடுங்க. என் கண் முன்னாலயே அழிங்க" என்றார். அழித்தேன்.

டாக்டர் பூவராகன் தங்கப் பதக்கம் வாங்கியவர். அது நமக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஆபரேட்டர்' என்பார். ஆனால் நோயாளிகள் அவரைத் தேடித்தான் வருவார்கள். கட்டிலில் படுத்திருப்பவரிடம் ஐந்து நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துவிடும் மனிதர், மேடையில் ஏறினால் ஏன் மூன்று மணி நேரம் தொலைந்துபோகிறார் என்பது எனக்குக் கடைசி வரை புரியவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் முதலுதவி அறை நர்சுகளுக்காக டாக்டர் ஜமீலா ஒரு இணையப் படிப்பு தொடங்கினார். அதில் வெப்பத்தால் வரும் நோய்கள் பற்றிய பாடத்தை டாக்டர் பூவராகன் நடத்தினார். மூன்று மணி பத்து நிமிடம். ஸ்லைடில் இருந்ததை அப்படியே வாசித்தார். வெயிலில் களைத்து விழுவது வேறு, ஹீட் ஸ்ட்ரோக் வேறு. களைத்தவருக்கு வியர்க்கும், அவரைப் படுக்கவைத்து உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் போதும். ஹீட் ஸ்ட்ரோக் வந்தவருக்குத் தோல் காய்ந்து சுடும், மூளை குழம்பும், உடனே குளிர்விக்காவிட்டால் உயிர் போய்விடும். இவ்வளவுதான் சாரம்.

ஒரு மணி நாற்பத்தேழாவது நிமிடத்தில் அவர் ஒரு கதைக்குள் போனார். இளம் டாக்டராக இருந்தபோது பொதட்டூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனாராம். கார் வழியில் நின்றதாம். பந்தியில் வைத்த ரசம் எப்படி இருந்ததென்றால் என்று ஆரம்பித்து, அந்த ரசத்திலேயே மூன்று நிமிடம் நின்றார். அவசரமாக ஏற்றவேண்டியிருந்ததால் முதல் இரண்டு முறையையும் விட்டுவிட்டு நேரே பென்சிலோடு உட்கார்ந்திருந்த டாக்டர் ஜமீலாவின் தாளில் புள்ளி, புள்ளி, புள்ளி என்று விழுந்துகொண்டே இருந்தது. மழை பெய்த மாதிரி ஆகிவிட்டது அந்தத் தாள். கதையின் பத்தாவது நிமிடத்தில் டாக்டர் ஜமீலாவுக்குப் போன் வந்து எழுந்து போனார். நானோ ரசம் வந்தபோதே காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்தக் கதை முழுவதையும், பதினோரு நிமிடம், ஒரே வெட்டு.

முடித்ததும் மூன்று கையெழுத்து வேண்டும்: பேசியவர், பிரிவுத் தலைவர், நான். டாக்டர் பூவராகனிடம் மடிக்கணினியோடு போய், "சார், ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா" என்றேன்.

"ஆபரேட்டர், என் லெக்சர் எனக்குத் தெரியாதா?" என்று கையெழுத்துப் போட்டார்.

உண்மையில் மிக அழகாக வந்த மாட்யூல் அது. வேகம், தெளிவு, நடுவில் கேள்வி. ஆலைகளிலிருந்து பாராட்டிக் கடிதம்கூட வந்தது.

அடுத்த கோடையில், கும்மிடிப்பூண்டியில் இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ஒரு ரோலிங் மில்லில், ஏழுமலை என்ற தொழிலாளி மத்தியானத்துக்கு முன்னால் தள்ளாட ஆரம்பித்தார். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர். வருடக்கணக்கில் உலைப் பக்கம் நின்றவர். சூப்பர்வைசரைப் பிடித்து, "பள்ளிப்பட்டு பஸ் எங்க நிக்கும்" என்று கேட்டாராம். கூட இருந்தவர்கள் சரக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று சிரித்திருக்கிறார்கள். அப்புறம்தான் முதலுதவி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கே நர்ஸ் தேவகி. எங்கள் படிப்பை முடித்துச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தவர். பார்த்தார். ஏழுமலையின் சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது. நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டர், ஈரத்தின் மேல் பிடித்ததாலோ என்னவோ, கொஞ்சம் காய்ச்சல் என்று மட்டும் காட்டியது. வியர்க்கிறது, ஆகவே களைப்புதான். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி படுக்கவைத்து, மின்விசிறியைப் போட்டு, ஓ.ஆர்.எஸ். கலக்கி வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஏழுமலைக்கு வலிப்பு வந்தது.

அந்த மில்லுக்கு எங்கள் ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் இருந்ததால் எங்களிடமே கொண்டுவந்தார்கள். டாக்டர் பூவராகன்தான் பார்த்தார். சிறுநீரகம் நின்றுபோய்ப் பல நாள் டயாலிசிஸ். பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுமூளை அடிபட்டுவிட்டது. நடந்தால் படகில் நிற்பவர் போல ஆடினார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்தது.

மில் நிர்வாகம் தேவகிக்கு மெமோ கொடுத்தது. பயிற்சி பெற்ற நர்ஸ், நோயைக் கண்டுபிடிக்கத் தவறினார் என்று. அவருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், சான்று அனுப்புங்கள் என்று எங்கள் கல்லூரிக்கும் கடிதம் வந்தது. கல்லூரி அலுவலகம் ஒரே வரியில் பதில் தயாரித்தது: முழுப் பயிற்சி அளிக்கப்பட்டது, தேர்வில் பத்துக்குப் பத்து. அந்த வரி மில்லுக்குப் போய்ச் சேர்ந்தால் தேவகியின் வேலை அன்றைக்கே முடிந்தது.

கையெழுத்துக்காக அது டாக்டர் ஜமீலாவிடம் வந்தது. அவர் கையெழுத்துப் போடாமல் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மாட்யூலப் போடுங்க."

போட்டேன். நான்காவது கேள்வி வந்தது. ஹீட் ஸ்ட்ரோக் வந்தவரின் தோல் எப்படி இருக்கும்? 'காய்ந்து, சூடாக' என்று தட்டினால் பச்சை விளக்கு எரிந்து கைதட்டும் சத்தம் வரும். அந்தக் கைதட்டலை நான்தான் வைத்தேன். டாக்டர் ஜமீலா அதோடு படத்தை நிறுத்தச் சொன்னார்.

"ஏழுமலை கேஸ் ஷீட்ட பாத்தேன். வேர்த்துக்கினே வந்திருக்காரு. வேல செஞ்சுக்கினு விழறவங்களுக்கு அப்படியும் வரும். பூவராகன் சாருக்கு இது தெரியாம இருக்காது. எங்கயாவது சொல்லியிருப்பாரு. முழுசாப் போடுங்க."

மூன்று மணி பத்து நிமிடத்தையும் மறுபடி கேட்டோம். கார் நின்றது. ரசம் வந்தது. இந்த முறை காதில் மாட்டியதைக் கழற்றவில்லை. ரசம் முடிந்ததும் கல்யாணப் பெண்ணின் மாமா வந்தார். செங்கல் சூளையில் வேலை செய்பவர். பந்தி முடியும் நேரத்தில் சூளையிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், உளறிக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் பூவராகனின் குரல், 'அதாவது வந்து' இல்லாமல், வேகமாக, யாரோ துரத்துவது போல:

"நான் கோல்ட் மெடலிஸ்ட். வேர்க்குது, அதனால ஹீட் ஸ்ட்ரோக் இல்ல, மோர் குடுங்கன்னு சொன்னேன். சாயங்காலம் போயிட்டார். தோலைப் பாக்காதீங்க. பேச்சைப் பாருங்க. வேலை செய்யறவன் உளறினா அது ஹீட் ஸ்ட்ரோக், வேர்த்தாலும் சரி. நெக்ஸ்ட் ஸ்லைடு."

இருபது விநாடிகூட இல்லை. அந்த இருபது விநாடியைச் சொல்வதற்குத்தான் அந்த மனிதர் பத்தரை நிமிடம் காரையும் ரசத்தையும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அவரால் நேராக அதற்குள் போக முடியவில்லை. டாக்டர் ஜமீலா கோப்பிலிருந்து பழைய புள்ளித் தாளை எடுத்தார். அந்தக் கட்டங்கள் கறுத்துக் கிடந்தன.

"என் புள்ளிதான்" என்றார்.

"என் வெட்டு மேடம்."

"யாரு பெரிய குத்தவாளின்னு அப்பறம் அடிச்சிக்கலாம். அவரக் கூப்பிடுங்க."

டாக்டர் பூவராகன் வந்தார். மாட்யூலையும் கேட்டார், தன் கதையையும் கேட்டார். மோர் என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் நான் வீரன் போல எழுதலாம். எழுதப் போவதில்லை. பழைய பதிவுகள் இடத்தை அடைக்கின்றன, அழித்துவிடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து அந்த வாரம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. அழித்துவிட்டால் அந்தப் பதினோரு நிமிடம் இருந்ததற்கே சாட்சி இல்லை. ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகாமல் அந்தக் கோப்பின் மேல் மவுஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழிக்காததற்குக் காரணம் நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அந்த நேரத்தில் டாக்டர் ஜமீலா எட்டிப் பார்த்து, "பென் டிரைவ்ல போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார். போட்டுவிட்டேன்.

மில்லில் தேவகியை விசாரிக்கும் நாளன்று டாக்டர் ஜமீலா, "நீங்க வரவேணாம், நான் போறேன்" என்றார். அவர் கிளம்பிய பிறகு மனசு கேட்காமல் நான் மடிக்கணினிப் பையை எடுத்துக்கொண்டு கீழே போனால், வாசலில் டாக்டர் பூவராகனின் கார். "ஆபரேட்டர், ஏறுங்க" என்றார். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோடு எனக்கு அத்தனை வருடப் பழக்கத்தில் அப்படி ஒரு மௌனம் அதுதான் முதல் தடவை, சுரண்டி எடுக்க யாருக்கும் தோன்றாத மௌனம்.

மில் அலுவலகத்தில் நீள மேசை. மேனேஜர், பெர்சனல் ஆபீசர், இன்னும் இரண்டு பேர். தேவகி நின்றுகொண்டிருந்தார். டாக்டர் ஜமீலா உள்ளே போனதும் தனக்குப் போட்ட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் தேவகி பக்கத்தில் வைத்து, "உக்காருமா" என்றார். பிறகு யாரோ ஓடிப்போய் இன்னொன்று கொண்டுவந்தார்கள்.

நான் மாட்யூலைப் போட்டேன். கைதட்டல் சத்தம் அந்த அறையில் அசிங்கமாகக் கேட்டது. பிறகு வெட்டின பகுதியைப் போட்டேன். ரசத்தைத் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். டாக்டர் பூவராகன், "ஓடட்டும்" என்றார். பதினோரு நிமிடமும் எல்லாரும் கேட்டார்கள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அப்ப மிஸ்டேக் காலேஜ் மேலன்னு சொல்ல வர்றீங்களா டாக்டர்?"

"இந்தம்மா பத்துக்குப் பத்து வாங்கினாங்க சார்" என்றார் டாக்டர் ஜமீலா. "நாங்க சொன்னத அப்படியே செஞ்சாங்க. அதுதான் பிரச்சினை. எழுதித் தரணுமா? கொண்டாந்திருக்கேன்." கடிதத்தையும் புள்ளித் தாளையும் மேசை மேல் வைத்தார்.

டாக்டர் பூவராகன் எழுந்தார். ஏதோ பெரிதாகப் பேசப் போகிறார் என்று நான் பயந்தேன். "இதே தப்ப நானும் பண்ணியிருக்கேன். எனக்கு யாரும் மெமோ குடுக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். தேவகி எங்களுக்கு நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தது உண்மை. வெளியே தாழ்வாரத்தில் என்னைப் பிடித்தார்.

"நீதான் கட் பண்ண ஆளா சார்?"

"ஆமாம்மா."

"இன்னாத்துக்கு கட் பண்ண?"

"போர் அடிச்சுதும்மா."

"போரு அடிச்சுதா!" என் வழியை மறித்து நின்றார். "ரெண்டு தபா பாத்தேன் சார் அந்த வீடியோவ. நோட்டு எடுத்துக்கினு பாத்தேன். அந்த ஆளு வேர்த்து ஊத்திக்கினு கெடக்கறாரு, நான் டம்ளர்ல கலக்கிக்கினு ஒக்காந்துனு கீறேன். ஊட்டுக்குப் போனா தூக்கம் வரல. கண்ண மூடினா அந்த கைதட்டற சத்தம்தான் கேக்குது. அப்பறம் இன்னொண்ணு. ஐஸ் தொட்டில படுக்க வைக்கணும்னு படம் போட்டுகீற. என் ரூம வந்து பாரு. கட்டிலு போட்டா நான் நிக்க எடமில்ல."

போய்ப் பார்த்தோம். சொன்னது சரி. டாக்டர் ஜமீலா சுவரோரம் நின்றுகொண்டு கேட்டார்: "அப்ப நீங்களே சொல்லுங்க, எப்படி எடுக்கலாம்?"

புதிய மாட்யூலை மில்லிலேயே எடுத்தோம். பாடம் நடத்தியது தேவகி. விழுந்தவரை ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போகாதே, உலையை விட்டுத் தள்ளி நிழலில் போடு. பேர் என்ன, எங்கே இருக்கிறாய், நான் யார் என்று மூன்று கேள்வி கேள். உளறினால் வியர்வையைப் பார்க்காதே. சட்டையைக் கழற்று, தரை கழுவும் ஹோஸ் பைப்பை எடுத்து உடம்பெல்லாம் தண்ணீர் அடி, பெரிய ஃபேனைத் திருப்பு, கேண்டீன் ஐஸைத் துணியில் கட்டி அக்குளிலும் தொடை இடுக்கிலும் வை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதே. ஆம்புலன்சுக்கு முதலிலேயே போன் செய், ஆனால் அது வரும் வரை தண்ணீரை நிறுத்தாதே. ஹோஸ் பைப்பைப் பிடித்துக் காட்டும்போது கேமராவும் நானும் நனைந்தோம். வேண்டுமென்றே செய்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்டர் பூவராகன் தன் பகுதியை நான்கு நிமிடத்தில் சொன்னார். பல டேக் போயிற்று. "ரசம் வேண்டாமா?" என்று கேட்டார். "வேண்டாம் சார்" என்றேன். "கார்?" "காரும் வேண்டாம் சார்." அவர் தலையாட்டிவிட்டு, முதல் வரியிலேயே செங்கல் சூளைக்குப் போய்விட்டார்.

ஏழுமலையை நாங்கள் கூப்பிடவில்லை. அவர் மனைவி கௌரி கேள்விப்பட்டு, அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "அவரும் ஒண்ணு சொல்லணும்ங்கறாரு சார். ஊட்ல ஒரு வாரமா சொல்லிப் பாத்துக்கினு கீறாரு." நாற்காலியில் உட்காரவைத்து மைக்கைப் பொருத்தினேன். அவர் ஆரம்பிப்பதற்கு நேரமானது. "சும்மா சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

"இரு... நைனா" என்றார். பிறகு சொன்னார்.

"எனக்கு... அன்னிக்கு... வேர்த்துக்கினுதான்... இருந்துச்சு. நான்... குடிக்கல. சிரிக்காதீங்க. தண்ணி... ஊத்துங்க."

நாற்பத்து மூன்று விநாடி. ஒவ்வொரு சொல்லும் எங்கேயோ போய்த் தேடி எடுத்துவருவது போல வந்தது. நடுவில் ஒரு இடத்தில் கௌரி அவருக்குப் பதிலாகச் சொல்ல வாயெடுத்தார், அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். வெட்டு மேசைக்கு வந்ததும் என் விரல் பழக்கதோஷத்தில் அந்த மௌனங்களைத் தேடிப் போனது. டாக்டர் ஜமீலா பின்னால் நின்றிருந்தார். "கைய எடுங்க" என்றார்.

கேண்டீனில் பெரிய திரையில் போட்டார்களாம். பேராசிரியர் வந்தபோது ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள், ஏழுமலை வந்ததும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று தேவகி போனில் சொன்னார். அடுத்த வருடம் வேறொரு ஆலையில் ஒருவர் உளறினார், சட்டை நனைந்திருந்தது, அவர் மேல் தண்ணீர் அடித்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு நடந்து போனார். அதையும் தேவகிதான் சொன்னார். கூடவே, அதற்கடுத்த மாட்யூலில் நான் வைத்திருந்த பின்னணி இசை கேவலமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

கல்லூரி, தவறு எங்களுடையது என்று மில்லுக்கு எழுதிக் கொடுத்ததற்காக டாக்டர் ஜமீலாவிடமிருந்து அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. அவர் தம் துறைக்கே திரும்பிப் போய்ப் பாடம் நடத்துகிறார், இருபது நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. அதில் என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். டாக்டர் பூவராகன் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். பண்டிகைக்குப் போன் செய்வார், "தணிகாசலம், அதாவது வந்து" என்று தொடங்குவார், நான் நாற்காலி தேடி உட்கார்ந்துகொள்வேன்.

போன மாதம் பிரிவிலிருந்து வித்யா கூப்பிட்டார். என் இடத்தில் இப்போது இருப்பவர், கெட்டிக்காரர். பழைய மாட்யூல்களையெல்லாம் புதிய மென்பொருளில் ஏற்றிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். மௌனம், தடுமாற்றம் எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடித்து எடுத்துவிடுமாம். நான் நாள்கணக்கில் சுரண்டியதை அது காபி ஆறுவதற்குள் செய்துவிடுகிறது. எனக்குப் பொறாமைகூட வந்தது.

"சார், அந்த ஹீட் ஸ்ட்ரோக் மாட்யூலும் சூப்பரா வந்திருக்கு. கடைசில ஒருத்தர் பேசுவாரே, நாப்பது செகண்ட் இருந்தத எட்டு செகண்ட் ஆக்கிடுச்சு. என்ன ஃப்ளோவாப் பேசறாரு தெரியுமா!"

மறுநாள் காலை நாஷ்டாவைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போனேன். வித்யா எட்டு விநாடி ஏழுமலையைப் போட்டுக் காட்டினார். செய்தி வாசிப்பவர் போல, ஒரு குறையும் இல்லாதவராக, கணீரென்று பேசினார் ஏழுமலை. கௌரி இதைக் கேட்டால் என்ன ஆவார் என்று நினைத்தேன்.

பிறகு பழைய பதிவைப் போடச் சொன்னேன். வித்யா முழுவதையும் பார்த்தார். ஏழுமலை கையை உயர்த்தி மனைவியைத் தடுக்கும் இடத்தில் வித்யாவின் கை வாய்க்குப் போனது. முடிந்ததும் நாற்காலியை எனக்கு நகர்த்திவிட்டார்.

"எப்படி சார் திருப்பிப் போடறது?"

பழைய பதிவை அப்படியே ஏற்றினால் மென்பொருள் மறுபடியும் மௌனத்தை வெட்டியது, திருப்பிப் போட அதற்குத் தெரியவில்லை. எடுக்கத்தான் தெரிகிறது. ஆகவே கையாலேயே செய்தோம். ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, நடுவில் இருந்த அத்தனை மௌனத்தையும் அளந்து, இருந்த இடத்திலேயே வைத்தோம். மத்தியானம் ஆகிவிட்டது. ஏழுமலை இப்போது மறுபடியும் நாற்பத்து மூன்று விநாடி எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார். பொறுமை இல்லாதவர்கள் வேறு மாட்யூல் பார்த்துக்கொள்ளலாம்.